முகாம் தமிழர், எல்லைக் காவல், குடியுரிமை: மதுரை வட்டாரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய மூன்று இடங்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. அங்கே குடியிருப்பவர்களும், அவர்கள் வீட்டில் பெண் எடுத்தவர்களும், அவர்களுக்கு வேலையோ வீடோ கொடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறோம். கேள்வி உங்களைப் பற்றியது என்றால், உங்கள் பிறந்த தேதியையும் பெற்றோர் இந்தியாவுக்கு வந்து இறங்கிய தேதியையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படியுங்கள். பாதிப் பதில் அந்த இரண்டு தேதிகளில்தான் இருக்கிறது.

நாற்பது வருடமாக இங்கேயே இருக்கிறார்கள். அவர்களைப் போய் "சட்டவிரோதக் குடியேறி" என்று எப்படிச் சொல்கிறார்கள்?

குடியுரிமைச் சட்டம் 1955-இல் பிரிவு 2(1)(ஆ) அப்படித்தான் வரையறுக்கிறது. செல்லத்தக்க பாஸ்போர்ட் அல்லது பயண ஆவணம் இல்லாமல் நாட்டுக்குள் வந்த வெளிநாட்டவரும், ஆவணத்தோடு வந்து காலக்கெடு தாண்டித் தங்கியவரும் சட்டவிரோதக் குடியேறிகள். எதற்காக வந்தார், உயிருக்குப் பயந்து வந்தாரா என்று அந்தப் பிரிவு கேட்பதில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கென்று தனிச் சட்டமும் நாட்டில் கிடையாது. அதனால் "அகதி" என்ற சொல் நம் பேச்சிலும் அரசுக் கோப்பிலும் இருக்கிறதே தவிர, நீதிமன்றத்தில் நின்றால் அவர் வெளிநாட்டவர், அவ்வளவுதான்.

1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ராமேசுவரம் கரையில் வந்து இறங்கியவர்களிடம் பாஸ்போர்ட் ஏது? ராமேசுவரம் அருகே உள்ள மண்டபம் முகாமில் அரசே அவர்களைப் பதிவு செய்து, அடையாள அட்டை கொடுத்து, லாரியிலும் பஸ்ஸிலும் ஏற்றி மாவட்டங்களுக்கு அனுப்பியது. 2021-இல் தமிழ்நாடு அரசு "அகதிகள் முகாம்" என்ற பெயரை "மறுவாழ்வு முகாம்" என்று மாற்றியது. மரியாதையான மாற்றம்தான், ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் அதற்கு எந்த விளைவும் இல்லை.

எல்லையைக் காக்கக் கூடாதா? யார் வேண்டுமானாலும் வரலாமா?

காக்கத்தான் வேண்டும். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் கடல். நடுவே மணல் திட்டுகள். தங்கம், கஞ்சா, பீடி இலை எல்லாம் அதே வழியில்தான் கடத்தப்படுகின்றன. படகோட்டிகள் ஆளைத் திட்டில் இறக்கிவிட்டு ஓடிவிடுவார்கள். குழந்தைகளோடு குடும்பம் வெயிலில் காத்துக் கிடக்கும். கடலோரக் காவல்படை போய் மீட்டு வரும். 1991-இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு கண்காணிப்பு இறுகியதற்குக் காரணம் இருந்தது. அதை யாரும் மறுக்கவில்லை.

விவாதம் கெட்டுப்போவது வேறோர் இடத்தில். நாளை யார் வருவார் என்பது எல்லைக் காவல் பற்றிய கேள்வி. நேற்று வந்து, அரசிடமே பதிவு செய்துகொண்டவரை என்ன செய்வது என்பது குடியுரிமை பற்றிய கேள்வி. முகாமில் மாதந்தோறும் "செக்கிங்" நடக்கும். வருவாய்த் துறையினர் முன்னால் குடும்பத்தோடு நின்றால்தான் உதவித்தொகை. வெளியூர் போய் இரவு தங்க வேண்டுமானால் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கியூ பிரிவு என்ற தமிழ்நாடு உளவுப் போலீஸாரிடம் பெயர், முகவரி எல்லாம் இருக்கிறது. இந்த நாட்டில் இவ்வளவு முழுமையாகப் பதிவாகி இருக்கும் இன்னொரு கூட்டம் அரிது. இவர்களை ஒளிந்து வாழ்பவர்களோடு ஒரே தட்டில் வைப்பது நியாயமும் இல்லை, பாதுகாப்புக்கு உதவுவதும் இல்லை.

2025-இல் வந்த புதுச் சட்டம் என்ன சொல்கிறது?

குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025, அந்த ஆண்டு செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 1946-ஆம் ஆண்டு வெளிநாட்டவர் சட்டம் உட்பட நான்கு பழைய சட்டங்களுக்குப் பதிலாக இது ஒன்று. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்து ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். போலி ஆவணத்தைப் பயன்படுத்தினால் குறைந்தது இரண்டு ஆண்டு, கூடினால் ஏழு ஆண்டு சிறை. அபராதம் 1 லட்சம் முதல் 10 லட்சம் வரை. பழைய சட்டத்தைப் போலவே, "நான் வெளிநாட்டவர் இல்லை" என்று நிரூபிக்கும் பொறுப்பு சம்பந்தப்பட்டவரின் தலையில்தான்.

அப்படியானால் முகாமில் இருப்பவர்களைப் பிடித்து உள்ளே போடலாமா?

2015 ஜனவரி 9 வரை வந்து தஞ்சமடைந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களைத் தொட முடியாது. சட்டம் நடைமுறைக்கு வந்தபோதே மத்திய உள்துறை ஒரு விலக்கு ஆணை போட்டது. பாஸ்போர்ட், விசா இல்லை என்பதற்காக இவர்கள் மேல் அந்தச் சட்டம் பாயாது.

"பதிவு செய்துகொண்ட" என்ற சொல்லைக் கவனியுங்கள். முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிவு செய்துகொண்டு சொந்தச் செலவில் வாழ்பவர்களும் இதில் அடங்குவார்கள். ஆனால் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டவர்கள், முகாம் பதிவு ரத்தானவர்கள் சிக்கலில் மாட்டுவார்கள். பழைய அட்டை, முதல் பதிவுச் சீட்டு, உதவித்தொகைப் புத்தகம், எந்த ஆண்டுத் தாளாக இருந்தாலும் எறியாதீர்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

இலங்கைப் பொருளாதார நெருக்கடியின்போது, 2022 மார்ச் முதல் தனுஷ்கோடிக்கு வந்து மண்டபத்தில் தங்கியவர்கள் அந்தத் தேதிக்குப் பிந்தியவர்கள். இந்த விலக்கு அவர்களுக்கு இல்லை.

விலக்கு கிடைத்துவிட்டதே, இனி குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாமா?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த ஆணை தண்டனையிலிருந்து காக்கிறது. குடியுரிமைச் சட்டத்தை அது திருத்தவில்லை. பிரிவு 5-இன் கீழ்ப் பதிவு மூலமோ, பிரிவு 6-இன் கீழ் இயல்புரிமை (நீண்ட காலம் இங்கே வசித்ததை வைத்துக் கேட்பது) மூலமோ குடியுரிமை கேட்க, விண்ணப்பிப்பவர் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது. கதவு அங்கேயே அடைபடுகிறது.

பாகிஸ்தான், வங்கதேசத்திலிருந்து வந்த சிறுபான்மையினருக்கு இது இரண்டு படியாக நடந்தது. 2015 செப்டம்பரில் அவர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள். 2016-இல் ஆப்கானிஸ்தானையும் சேர்த்தார்கள். பிறகு 2019 திருத்தத்தில், அந்த விலக்கு பெற்றவர் சட்டவிரோதக் குடியேறியாகக் கருதப்படமாட்டார் என்று குடியுரிமைச் சட்டத்திலேயே எழுதினார்கள். இலங்கைத் தமிழருக்கு முதல் படி பத்து வருடம் கழித்து 2025-இல் வந்தது. இரண்டாவது படிக்கு நாடாளுமன்றம் சட்டத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும். கோரிக்கை வைக்கும் கட்சிகளும் அமைப்புகளும் "குடியுரிமை கொடு" என்று பொதுவாகக் கேட்பதைவிட இந்த ஒரு வரியைக் கேட்பது பயன் தரும்.

சி.ஏ.ஏ.வில் (2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில்) ஏன் இவர்களைச் சேர்க்கவில்லை?

2019 திருத்தம் மூன்று நாடுகளை மட்டும் எடுத்துக்கொண்டது. 2014 டிசம்பர் 31-க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறித்தவர்களுக்குப் பொருந்தும். விதிகள் 2024 மார்ச் 11 அன்று வந்தன. இஸ்லாத்தை அரச மதமாகக் கொண்ட அண்டை நாடுகளில் மதத்தின் பேரால் துன்பப்பட்டவர்களுக்கான சட்டம் இது, இலங்கைப் பிரச்சினை வேறு வகை என்பது மத்திய அரசுத் தரப்பு. மொழியாலும் இனத்தாலும் துரத்தப்பட்டவன் மட்டும் எப்படிக் குறைந்தவன் என்பது எதிர்த்தரப்பின் கேள்வி. தமிழ்நாடு சட்டமன்றம் 2021 செப்டம்பர் 8 அன்று இந்தத் திருத்தத்தைத் திரும்பப் பெறச் சொல்லித் தீர்மானம் போட்டது.

எங்கள் பார்வையில், மத்திய அரசின் வாதம் ஒரு சட்டத்தின் எல்லையை விளக்குகிறது. விடுபட்டவர்களுக்கு என்ன வழி என்று அது சொல்லவில்லை. வங்கதேசத்திலிருந்து அசாமுக்கு வந்தவர்களுக்காக 1985 ஒப்பந்தத்துக்குப் பிறகு பிரிவு 6அ என்று தனிப் பிரிவே போட்டு, 1971 மார்ச் 25-ஐக் கெடுவாக வைத்தார்கள். 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அதைச் செல்லும் என்றது. ஒரு மாநிலத்தின் வரலாற்றுக்கு ஏற்பத் தனி வழி போட முடியும் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம்.

முகாமில் பிறந்த பிள்ளைகள் இந்தியர்தானே?

எப்போது பிறந்தார்கள் என்பதைப் பொறுத்தது. மூன்று காலம் உண்டு.

1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்திய மண்ணில் பிறந்தவர் இந்தியக் குடிமகன். பெற்றோர் யார், எப்படி வந்தார்கள் என்று பார்ப்பதில்லை. மண்டபம் முகாமில் பிறந்திருந்தாலும் இதே சட்டம்தான்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்கு, பிறந்த நேரத்தில் அப்பாவோ அம்மாவோ ஒருவர் இந்தியக் குடிமகனாக இருந்திருக்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். முகாமில் 1985-இல் பிறந்த பெண், தானே அறியாமல் இந்தியக் குடிமகள். அவருக்கு 2003-இல் குழந்தை பிறந்திருந்தால், தந்தை இலங்கையில் பிறந்து வந்தவராக இருந்தாலும் அந்தக் குழந்தையும் பிறப்பால் இந்தியர். தாயின் பிறப்புச் சான்றிதழ் பிள்ளைக்கும் பேசும். குடும்பம் முழுவதையும் அட்டவணை போட்டுப் பாருங்கள்.

2004 டிசம்பர் 3 முதல் பிறந்தவருக்கு இருவருமே குடிமக்களாக இருக்க வேண்டும்; அல்லது ஒருவர் குடிமகன், மற்றவர் சட்டவிரோதக் குடியேறி இல்லை என்றிருக்க வேண்டும். அதனால்தான் மேலூர்ப் பையன் திருவாதவூர் முகாம் பெண்ணைக் கட்டிக்கொண்டு, மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் 2010-இல் பிள்ளை பெற்றாலும், தாய் படகில் வந்தவர் என்றால் பிள்ளையின் குடியுரிமை கேள்விக்குள்ளாகிறது. இந்தச் சட்டத்தின் மிகக் கொடிய இடம் இதுதான் என்று நினைக்கிறோம். தகப்பன் இந்தியன், பிறந்த மண் இந்தியா, இருந்தும் பிள்ளை இந்தியக் குடிமகன் இல்லை.

2025 நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், பிறந்த தேதியை வைத்து ஆட்களை மூன்றாகப் பிரித்து ஆவணம் கேட்டதும் இதே தேதிகளின் அடிப்படையில்தான்.

நான் 1986-இல் மண்டபத்தில் பிறந்தேன். இப்போது என்ன செய்ய வேண்டும்?

முதலில், குடியுரிமைக்கு விண்ணப்பம் போடாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே குடிமகன். விண்ணப்பித்தால் "நான் வெளிநாட்டவர்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தது போல் ஆகும். நேராக பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். உங்களைப் போலவே மண்டபத்தில் 1986 ஏப்ரலில் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் மறுக்கப்பட்டபோது, உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஆகஸ்டில் அவர் பிறப்பால் இந்தியர் என்று சொல்லி, கொடுக்க உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார்.

வேலை பிறப்புச் சான்றிதழில் தொடங்குகிறது. பிறந்த இடத்துக்குரிய பதிவாளரிடம் கேளுங்கள். ஆஸ்பத்திரியில் பிறந்திருந்தால் பெரும்பாலும் பதிவு இருக்கும். பிள்ளையின் பெயர் இல்லாமல் "ஆண் குழந்தை", "பெண் குழந்தை" என்று மட்டும் இருக்கும். பெயரைச் சேர்க்கத் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். முகாம் வீட்டில் மருத்துவச்சி கையில் பிறந்திருந்தால் பதிவே இருக்காது. அப்போது பதிவில் இல்லை என்று எழுத்தில் சான்று வாங்கி, அதோடு தாமதப் பதிவுக்கு வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வேண்டும். ஓராண்டு தாண்டிய பிறப்பை அவருடைய உத்தரவு இல்லாமல் பதிவாளர் ஏற்ற மாட்டார். முகாம் குடும்ப அட்டை, தடுப்பூசி அட்டை, முதல் வகுப்பில் சேர்த்த பள்ளிப் பதிவேட்டின் நகல் ஆகியவை அங்கே கைகொடுக்கும்.

எங்கே சிக்கும்? பள்ளிச் சான்றிதழில் பிறந்த ஊர் "இலங்கை" என்று இருக்கும். பெற்றோரின் நாட்டைக் கேட்டு ஆசிரியர் எழுதியிருப்பார். முகாம் பதிவேட்டில் தேசிய இனம் "இலங்கையர்" என்றிருக்கும். இந்த இரண்டையும் காட்டித்தான் போலீஸ் சரிபார்ப்பில் எதிர்மறை அறிக்கை வரும். பதிவேட்டில் ஒரு எழுத்தர் எழுதியதால் பிறப்புக் குடியுரிமை போய்விடாது. ஆனால் அதற்கு எழுத்தில் விளக்கம் கொடுக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழை முதலில் திருத்திவிட்டுப் போனால் பாதித் தூரம் கடந்த மாதிரி. பெயரின் இனிஷியல், அப்பா பெயரின் எழுத்துக்கூட்டல், ஒரு நாள் தேதி வித்தியாசம் எல்லாவற்றையும் விண்ணப்பத்துக்கு முன்பே ஒன்றுபோல் ஆக்குங்கள்.

மறுத்தால் எழுத்தில் மறுப்பு வாங்குங்கள். வாய்ச்சொல்லை வைத்து வழக்குப் போட முடியாது. மறுப்புக் கடிதத்தோடு ஒத்தக்கடை அருகில் உள்ள உயர் நீதிமன்றக் கிளையில் ரிட் மனு போடலாம்.

முக்கியமான எச்சரிக்கை ஒன்று. வெளிநாடு போகும் அவசரத்தில் இலங்கைத் துணைத் தூதரகத்தில் இலங்கை பாஸ்போர்ட் வாங்கிவிடாதீர்கள். தானாக முன்வந்து வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால் பிரிவு 9-இன்படி இந்தியக் குடியுரிமை போய்விடும். சிறுவயதில் பெற்றோர் உங்களுக்கு இலங்கைப் பதிவு செய்திருந்தால், அந்தத் தாளை வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே அடுத்த அடி வையுங்கள்.

ஆதார் இருக்கிறது. அது போதாதா?

போதாது. ஆதார் வசிப்பிடத்துக்கான அட்டை. குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. வங்கிக் கணக்கு, சிம் கார்டு, கல்லூரிச் சேர்க்கை இவற்றுக்குப் பயன்படுத்துங்கள்.

மலையகத்திலிருந்து வந்தவர்களின் நிலை வேறா?

வேறுதான். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தில், தேயிலைத் தோட்டத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதாக முடிவானது. மீதி 1,50,000 பேரை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்திய பாஸ்போர்ட்டோடு முறையாக வந்தவர்கள் "தாயகம் திரும்பியோர்". ஆனால் 1984-இல் தலைமன்னார் – ராமேசுவரம் கப்பல் நின்றது. குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் காத்திருந்தவர்கள், கலவரத்தில் தாளைத் தொலைத்தவர்கள் படகேறி வந்து முகாமில் அகதி என்று பதிவானார்கள். ஒப்பந்தப்படி இந்தியாவுக்கு வந்திருக்க வேண்டியவர், வந்த வழியால் சட்டவிரோதமானார்.

2019 ஜூனில் மதுரைக் கிளை, திருச்சி கொட்டப்பட்டு முகாமில் உள்ளவர்கள் உட்பட 65 பேரின் வழக்கில், இவர்கள் கோரிக்கையை மத்திய அரசு பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. உங்கள் குடும்பம் மலையகம் என்றால், தாத்தாவின் தோட்டப் பதிவு, பிறந்த ஊர், ஒப்பந்த காலத்து விண்ணப்ப எண், கண்டியில் இருந்த இந்தியத் தூதரக அலுவலகத்தின் கடிதம், எது கிடைத்தாலும் பத்திரப்படுத்துங்கள்.

பணம் கொடுத்தால் வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார்.

வேண்டாம். குடிமகன் இல்லாதவர் தகவலை மறைத்து இந்திய பாஸ்போர்ட் எடுத்தால், பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 12(1அ)-இன்படி குறைந்தது ஓராண்டு, கூடினால் ஐந்தாண்டு சிறை. போலிப் பிறப்புச் சான்றிதழுக்கு மேலே சொன்ன 2025 சட்டம் தனி. விலக்கு ஆணை போலி ஆவணத்துக்குக் கை கொடுக்காது. பெரும்பாலும் விமான நிலையத்தில்தான் அகப்படுவார்கள்: பாஸ்போர்ட்டில் ஒரு பிறந்த ஊர், பள்ளிச் சான்றிதழில் வேறு ஊர். ஜாமீனில் வந்தாலும், வழக்கில் சிக்கிய வெளிநாட்டவரை அடைத்து வைக்கும் திருச்சி சிறப்பு முகாமில் வருடக்கணக்கில் வைத்துவிடுவார்கள். இதைவிட வருத்தம், உண்மையிலேயே 1987-க்கு முன் பிறந்தவர்கள் தரகரை நம்பி, வேறு ஊரில் பிறந்ததாகப் போலி வாங்குவது. கையில் இருந்த உண்மையான உரிமையையே அந்தத் தாள் கெடுத்துவிடுகிறது.

கனடாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்குப் படகு ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார்களே?

2013 முதல் ஆஸ்திரேலியா படகில் வரும் யாரையும் குடியேற விடுவதில்லை. 2014 ஜூனில் புதுச்சேரியிலிருந்து புறப்பட்ட 157 பேரை ஒரு மாதத்துக்கு அருகே கடலிலேயே கப்பலில் அடைத்து வைத்து, பிறகு நவுரு தீவுக்கு அனுப்பினார்கள். 2021 ஜூனில் மங்களூரில் 38 இலங்கைத் தமிழர்கள் பிடிபட்டார்கள். கனடா அனுப்புவதாகச் சொல்லித்தான் பணம் வாங்கியிருந்தார்கள். படகேறியவரின் முகாம் பதிவு, அடுத்த செக்கிங்கில் ஆள் இல்லை என்றதும் ரத்தாகும். பதிவு போனால் விலக்கும் போகும். நகை விற்ற காசு போவது ஒரு பக்கம். முப்பது வருடமாகக் காத்த ஒரே அரசுத் தாளும் போய்விடும்.

போர் 2009-இல் முடிந்துவிட்டது. ஏன் திரும்பிப் போகவில்லை?

போக விரும்பியவர்கள் பலர் போயிருக்கிறார்கள். ஐ.நா. அகதிகள் முகமை விருப்பப்பட்டுத் திரும்புவோருக்கு விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்து வந்திருக்கிறது. அதற்கு முன், இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிறப்பைப் பதிய வேண்டும். பயண ஆவணம், கியூ பிரிவின் தடையின்மைச் சான்று, சென்னை வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தின் வெளியேறும் அனுமதி மூன்றும் வேண்டும். வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தால், அது ஊர்ச் சண்டை வழக்காக இருந்தாலும், அனுமதி நின்றுவிடும். முதலில் அதை முடியுங்கள்.

அங்கே காணி வேறொருவர் கையில், பிள்ளைகள் சிங்களம் அறியாதவர்கள், படித்தது இங்கே. 2025 மே மாதம் தமிழ்நாட்டிலிருந்து திரும்பிய முதியவர் ஒருவரைப் யாழ்ப்பாணத்தின் பலாலி விமான நிலையத்திலேயே, முன்பு உரிய ஆவணம் இல்லாமல் நாட்டைவிட்டுப் போனதற்காகக் கைது செய்தார்கள். அந்தச் செய்திக்குப் பிறகு எந்தப் பெரியவர் துணிந்து கிளம்புவார்?

உச்ச நீதிமன்றமே இந்தியா சத்திரம் இல்லை என்று சொல்லிவிட்டதாமே?

2025 மே மாதம், தண்டனை முடித்த இலங்கைத் தமிழர் ஒருவர் தன்னை நாடுகடத்தக் கூடாது என்று கேட்ட வழக்கில், உலகெங்கும் இருந்து வருபவர்களுக்கு இடம் கொடுக்க இது சத்திரமா என்ற பொருளில் நீதிபதிகள் கேட்டார்கள். இந்தியாவில் தங்கிக் குடியேறும் உரிமை குடிமக்களுக்கு மட்டுமே என்பதே அதன் சட்ட அடிப்படை. அரசியல் சட்டப் பிரிவு 19 அப்படித்தான் இருக்கிறது. உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான பிரிவு 21 எல்லோருக்கும் பொருந்தும். அந்த வழக்கு முகாம்வாசிகளின் குடியுரிமை பற்றியது இல்லை. 1987-க்கு முன் பிறந்தவர்களை அது எந்த விதத்திலும் பாதிக்காது.

வெளிநாட்டவருக்கு வீடு வாடகைக்கு விட்டால் வீட்டுக்காரருக்குப் பிரச்சினை வருமா?

வெளிநாட்டவரைத் தங்கவைத்தால் 24 மணி நேரத்துக்குள் உரிய படிவத்தில் தெரிவிக்க வேண்டும். முகாமுக்கு வெளியே தங்கும் இலங்கைத் தமிழர் என்றால், அவருடைய காவல் நிலையப் பதிவு உங்கள் முகவரிக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து கட்டட வேலை பார்ப்பவர் இந்தியக் குடிமகன். மொழி தெரியாததால் அவரை "ஊடுருவியவர்" என்று சந்தேகிப்பது அவரை அவமதிப்பது.

வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இல்லை.

மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவசமாக வழக்கறிஞர் ஏற்பாடு செய்வார்கள். உயர் நீதிமன்றக் கிளை வழக்குகளுக்கு அங்கேயே தனிக் குழு இருக்கிறது. இலவச அழைப்பு எண் 15100. போகும்போது பிறப்புச் சான்றிதழ், முகாம் அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், மறுப்புக் கடிதம் இருந்தால் அது, எல்லாவற்றிலும் இரண்டு நகல் எடுத்துப் போங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள்.